பழைய நோட்ஸ் ஆப்பை நிறுத்துகிறார்கள், 900 குறிப்பை எப்படி மாற்றுவது?

வணக்கமுங்க. கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போடுகிறவன் நான். தோட்டத்துக் கணக்கு மொத்தமும் ஏழு வருடமாக செல்போனில் ஒரு நோட்ஸ் ஆப்பில்தான் இருக்கிறது. அதன் பழைய வெர்ஷனை இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்களாம்.

புதியதைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவே அரை நிமிடம். சிக்னல் இல்லாத தோட்டத்தில் வெறும் வெள்ளைத் திரைதான். ஈரோட்டில் ஏலம் நடக்கும்போது போன வருடம் விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று பார்க்க அதுவரை யார் காத்திருப்பார்கள்? நன்றாக இருந்ததை எதற்குத்தான் கெடுக்கிறார்களோ!

சுமார் 900 குறிப்புகள். விதைக்கிழங்கு வாங்கிய இடம், வேகவைத்த நாள், ஆள்கூலி, ரசீதுப் படங்கள். பிடிஎஃப்பாக எடுத்து, காப்பி பண்ணி ஒட்டினால் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. நான் எழுதியது எனக்கே புரியவில்லை. எச்டிஎம்எல்லாக (வெப் பக்க ஃபைலாக) எடுத்தால் எழுத்து சரி, ஆனால் படங்கள் தனி ஃபோல்டரில் கிடக்கின்றன.

ஆப்சிடியன், ஜாப்ளின் என்ற நோட்ஸ் ஆப்கள் இரண்டில் ஒன்றுக்கு மாறச் சொல்கிறான் மகன். ஆப்சிடியன் குறிப்புகளை நம்மிடமே சாதாரண மார்க்டவுன் ஃபைலாக (எதிலும் திறக்கிற வெறும் எழுத்து ஃபைல்) வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது; அந்த நிறுவனமே நாளை கடையைக் கட்டினாலும் ஃபைல் கையில் இருக்கும்.

யாராவது எச்டிஎம்எல்லிலிருந்து படத்தோடு மொத்தமாக மாற்றியிருக்கிறீர்களா? குறிப்பு எழுதிய தேதி அப்படியே வருமா? மூன்று ஜிபி ராம் உள்ள பழைய போனில் எது தேவலை? கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்க, மகன் ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து வருகிறான்.