மைலேஜ் திடீரென்று அடி வாங்கிவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

ஆழியாறு_ராசு:
வணக்கம். லிட்டருக்கு 17 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 13.5-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இது கட்டுப்படியாகாது. சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்துவிடுவேன், ஏர் ஃபில்டர் புதுசு, விளக்கு எதுவும் எரியவில்லை. எந்தப் பார்ட்டை மாற்றணும்? சனிக்கிழமை மெக்கானிக்கிடம் விடப் போகிறேன், அதற்குள் சொல்லுங்க.

நாலாவது கியர்:
என்ன வண்டி? எந்த வருஷ மாடல்? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? ஊருக்குள்ளா, ஹைவேயா? பெட்ரோல் என்று மட்டும்தான் புரிகிறது.

சுத்த_பெட்ரோல்:
வண்டியில் ஒன்றும் இல்லை ப்ரோ. எல்லாம் இ20 பண்ணுகிற வேலை. 2022-ல் நூற்றுக்குப் பத்து எத்தனால் கலந்தார்கள், 2025-ல் அது இருபது ஆகிவிட்டது, அதுதான் இ20. விலை மட்டும் பெட்ரோல் விலை. நீங்கள் எந்தப் பார்ட்டை மாற்றினாலும் காசுதான் போகும்.

பழைய_பிஸ்டன்:
'மைலேஜ்' என்று தேடினால் இதே கேள்வி வரிசை கட்டி நிற்கும். தேடுவதற்கு யாருக்கும் பொறுமை இல்லை, பதில் மட்டும் சனிக்கிழமைக்குள் வேண்டும்.

13.5 என்று யார் சொன்னது? டிஸ்பிளேவா, முள்ளா, மனசா? டேங்கை நிரப்புங்கள். முனை தானாக கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஆட்டி ஆட்டி ஊற்றக் கூடாது. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். கால் டேங்க் வரும் வரை ஓட்டிவிட்டு அதே பங்க், அதே மெஷினில் மறுபடி கட் ஆகும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். நாலாம் வகுப்புக் கணக்கு. இதைச் செய்யாமல் வருகிறவர்களுக்குப் பதில் எழுதியே எனக்கு நரை விழுந்துவிட்டது.

மைலேஜ்_மாமா:
டயரில் காற்று பாருங்க தம்பி. கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற அளவு. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். அப்புறம் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பெட்ரோல் போடுங்க, அடர்த்தி கூட இருக்கும். ரவுண்டாக 500க்குப் போட்டால் மெஷினில் அளவைக் குறைத்துவிடுவார்கள், 510க்குப் போடுங்க.

பழைய_பிஸ்டன்:
மாமா, பங்க் டேங்க் தரைக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 510 கதையை விடவே மாட்டீர்களா? அளவில் சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம்.

மைலேஜ்_மாமா:
கேட்டால் 'பாத்திரம் மேனேஜர் ரூம்ல இருக்கு, சாவி இல்லை' என்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது பிஸ்டன்.

ஆழியாறு_ராசு:
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். வேகன்ஆர் 1.0 பெட்ரோல், 2015. 90 ஆயிரம் தாண்டிவிட்டது. தினமும் பொள்ளாச்சியில் இருந்து கோவை போய் வருகிறேன், பெரும்பாலும் ஏசி போட்டுத்தான். பிஸ்டன் சார் சொன்ன மாதிரி டேங்க் நிரப்பிப் பார்த்தேன், 14.1 வந்தது. காற்றும் பார்த்தேன், பின் டயர் ஒன்றில் கொஞ்சம் குறைச்சல், சரி பண்ணியாச்சு.

நாலாவது கியர்:
இப்போதுதான் பேச முடிகிறது. முழுக்க நாலு வழிச் சாலை, 14.1 என்றால் ரொம்பக் குறைவு. அந்த எஞ்சின் 80-லேயே நிதானமாகப் போனால் ஏசியோடு 18-ஐத் தொடும். எந்த வேகத்தில் போகிறீர்கள்? 80-ல் போவதற்கும் 100-ல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம், அதுவும் வேகன்ஆர் உயரமான பெட்டி.

ஓட்டி முடித்து இறங்கியதும் நாலு வீல் பக்கமும் புறங்கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்துங்கள். ஒரு வீல் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

சுத்த_பெட்ரோல்:
2015 வண்டி இ20-க்குச் செய்ததே இல்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நாலாவது கியர்:
நண்பரே, கணக்குப் போடுவோம். லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி, எத்தனாலில் 21. பத்துச் சதவீதக் கலவையில் இருந்து இருபதுக்குப் போனால் லிட்டருக்குக் குறைவது மூன்றரைச் சதவீதம் வாக்கில். 17 கொடுத்த வண்டி 16.4 கொடுக்கும். பழைய எஞ்சின், டியூனிங் சேரவில்லை என்று இன்னும் கொஞ்சம் கழித்தாலும் 16. மீதி இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது?

சுத்த_பெட்ரோல்:
காகிதத்தில் மூன்றரை. ரோட்டில் வேறு.

பல்லடம்_கோழி:
மைலேஜை விடுங்க. எத்தனாலுக்கு இப்போது கரும்பு மட்டும் இல்லை, மக்காச்சோளமும் போகிறது. எங்கள் பண்ணைத் தீவனத்தில் பாதிக்கு மேல் சோளம்தான். வண்டிக்கும் கோழிக்கும் ஒரே இலையில் சோறு போட்டால் கோழி என்ன செய்யும்? முட்டை விலை, கறி விலை ஏறும்போது எங்களைத்தான் திட்டுகிறீர்கள்.

கரும்புத்_தோட்டம்:
சோளம் போட்டவனுக்கு நாலு காசு கிடைத்தால் கோழிக்காரருக்கு வலிக்கிறது. ஆலைகள் எங்களுக்குக் கரும்புப் பணத்தை எத்தனை வருஷம் இழுத்தடித்தார்கள் என்று தெரியுமா? எத்தனால் விற்ற பிறகுதான் கொஞ்சம் சீக்கிரம் கைக்கு வருகிறது. பிரேசிலில் இருபத்தேழு கலந்தார்கள், 2025 ஆகஸ்டில் முப்பது ஆக்கினார்கள். அங்கே வண்டி ஓடவில்லையா?

சுத்த_பெட்ரோல்:
பிரேசிலில் 2003-லிருந்தே எந்தக் கலவைக்கும் ஓடும் வண்டி விற்கிறார்கள். பங்க்கில் எத்தனாலுக்குத் தனி விலை, தனி மெஷின். எது வேண்டுமோ கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். இங்கே அந்தத் தேர்வு இருக்கிறதா? அதுதான் என் கேள்வி.

பல்லடம்_கோழி:
அது நியாயம்.

மைலேஜ்_மாமா:
விலையைப் பற்றிப் பேசினால் வரியையும் பேசணும். சென்னையில் 2021 ஜூலையில் நூறு தாண்டியது. ஆகஸ்டில் மாநிலம் மூன்று ரூபாய் குறைத்தது, நவம்பரில் மத்திய அரசு ஐந்து, 2022 மே மாதம் எட்டு. அப்புறம் 102.63-ல் உட்கார்ந்தது. கச்சா எண்ணெய் ஏறியது, இறங்கியது, நம் விலை அசையவே இல்லை. 2024 மார்ச்சில்தான் இரண்டு ரூபாய் குறைந்தது. 2017-ல் தினமும் மாறும் விலை என்று சொன்னார்களே, அந்தத் தினம் எங்கே?

யாழ்_ஓட்டி:
நீங்கள் நூறுக்கு அழுகிறீர்கள் அண்ணை. எங்களுக்கு இலங்கையில் 2022 ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாய், அதுவும் எங்கள் காசில். பிறகு கியூஆர் காட்டி வாங்கும் பங்கீடு வந்தது, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அந்த நேரம் எல்லாரும் மிதிக்காமல் ஓடப் பழகிவிட்டோம். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கிருந்தே காலை எடுத்துவிடுவேன், கியரில் விட்டபடி. நியூட்ரலில் விடக் கூடாது. கியரில் உருளும்போது இஞ்செக்டர் பெற்றோலே விடாது, நியூட்ரலில் ஐடிலுக்கு விடும்.

பழைய_பிஸ்டன்:
யாழ்_ஓட்டி சொன்னது சரி. இந்த இழையில் முதல் உருப்படியான தகவல். கோழி, கரும்பு, கச்சா எண்ணெய் எல்லாவற்றுக்கும் தனி இழை திறந்துகொள்ளலாமே.

ஆழியாறு_ராசு:
வீல் பார்த்தேன், நாலும் ஒரே மாதிரிதான். 80, 85-க்கு மேல் போக மாட்டேன். ஒரு விஷயம், கோவைக்குள் சிக்னல் சிக்னலாக நிற்கிற நாட்களில் அவ்வளவு மோசம் இல்லை. ஹைவேயில்தான் முன்னைவிட ரொம்பக் குறைகிறது. ஆயில் பார்க்கும்போது குச்சியில் லேசாக பெட்ரோல் வாசனை வந்தது, அளவும் கொஞ்சம் மேலே இருந்தது. ஆயில் மாற்றி மூன்று மாதம்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில் ஒரு வேலை பார்த்தபோதே மாற்றியாச்சு.

நாலாவது கியர்:
கூலன்ட் வேலையா? எப்போது? என்ன செய்தார்கள்? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

ஆழியாறு_ராசு:
ஹோஸ் பக்கம் கசிவு இருந்தது. தெரிந்த மெக்கானிக் சரி செய்தார். அதற்கும் மைலேஜுக்கும் சம்பந்தம் இருக்கா?

நாலாவது கியர்:
நிறையவே இருக்கிறது. மைலேஜ் குறைந்தது அதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, எடுத்துட்டா வண்டி சூடே ஆகாது' என்று கழற்றி வீசும் பழக்கம் நம் பக்கம் நிறைய ஒர்க்‌ஷாப்பில் இன்றைக்கும் உண்டு. அம்பாஸடர் காலத்து வைத்தியம்.

அந்த வால்வு பொதுவாக 82-ல் இருந்து 88 டிகிரி வாக்கில்தான் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது, எஞ்சின் சீக்கிரம் சூடேறும். அது இல்லையென்றால் தண்ணீர் முதல் நிமிடத்தில் இருந்தே ரேடியேட்டரைச் சுற்றும். ஹைவேயில் எதிர்க்காற்று வேறு, எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். குச்சியில் வாசனையும் ஏறிய அளவும் அதனால்தான் என்று நினைக்கிறேன். டிராஃபிக்கில் நிற்கும்போது காற்று இல்லாததால் ஓரளவு சூடேறிவிடும், அங்கே மைலேஜ் அவ்வளவு அடி வாங்காது. நீங்கள் சொன்ன எல்லாம் பொருந்துகிறது.

பழைய_பிஸ்டன்:
வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இதேதான். கழற்றாமலே சோதிக்கலாம். காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போக வேண்டாம். வால்வு சரியாக இருந்தால் ஹோஸ் வெகு நேரம் குளிர்ச்சியாகவே இருக்கும், பிறகு திடீரென்று சுடும். இல்லையென்றால் ஆரம்பத்தில் இருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக வெதுவெதுப்பாகும்.

சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி போனில் கூலன்ட் டிகிரியைப் பார்த்துக்கொண்டே பொள்ளாச்சி ரோட்டில் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் போங்கள். 60, 65-ல் நின்றால் சந்தேகமே வேண்டாம். விளக்கு எரியும் என்று காத்திருக்காதீர்கள், சிவப்பு விளக்கு சூடு கூடினால்தான் எரியும். எஞ்சின் சரியாகச் சூடேறவில்லை என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் பி0128 என்ற பழுது எண் எல்லா வண்டியிலும் வராது.

சுத்த_பெட்ரோல்:
ஓகே, ஆனால் இ20-உம் ஒரு காரணம்தான். குளிர்ந்த எஞ்சினில் எத்தனால் சீக்கிரம் ஆவியாகாது.

கரும்புத்_தோட்டம்:
இவர் வீட்டில் மிக்ஸி பழுதானாலும் எத்தனால்தான்.

எரிவாயு_எழில்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? சிஎன்ஜி கிட் மாட்டிவிட்டுப் போங்கள்.

மைலேஜ்_மாமா:
90 ஆயிரம் ஓடிய வண்டிக்கு கிட், ஆர்சியில் பதிவு, டிக்கியில் சிலிண்டர். அப்புறம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகணும். சிஎன்ஜி பங்க்கில் நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா?

எரிவாயு_எழில்:
நான் தினமும் அந்த வரிசையில் நிற்பவன்தான் மாமா. புத்தகம் படித்துக்கொண்டே நிற்பேன். டிக்கி விஷயம் உண்மை.

ஆழியாறு_ராசு:
ஸ்கேனரை ஒரு நண்பரிடம் வாங்கிப் போட்டேன். கிணத்துக்கடவு தாண்டி 61. உக்கடம் சிக்னலில் 78. வேறு கடையில் திறந்து பார்த்தார்கள், வால்வே உள்ளே இல்லை. புதுசு போட்டு, ஆயிலும் மாற்றியாச்சு. இப்போது ஹைவேயில் 88-ல் நிற்கிறது, மைலேஜ் 16.3. எல்லாருக்கும் நன்றி.

சுத்த_பெட்ரோல்:
17 வரவில்லை பார்த்தீர்களா? மீதி 0.7 என்ன?

நாலாவது கியர்:
அந்த 0.7-ஐ உங்களுக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரைச் சதவீதம் என்று நான் சொன்ன கணக்குக்கும் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது.

பழைய_பிஸ்டன்:
ராசு, கூலன்ட்டுக்கு என்ன ஊற்றினார்கள்? வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே துருப்பிடிக்கும், கழுவிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் போடச் சொல்லுங்கள். இதையும் தேடினால் கிடைக்கும்.

டீசல்_தாமரை:
வால்வும் கேஸ்கெட்டும் சேர்த்து எவ்வளவு ஆச்சு? எங்கள் வண்டியிலும் 'சூடே ஆகாது' என்று ஒருவர் எதையோ கழற்றிக் கையில் கொடுத்தார், அது இன்னும் டேஷ்போர்டு பெட்டியில்தான் கிடக்கிறது. டீசல் வண்டிக்கும் இது பொருந்துமா?

நாலாவது கியர்:
பொருந்தும். அதே வால்வைத் திருப்பி மாட்டாதீர்கள், முதலில் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். ராசு இனிமேல் வர மாட்டார், விலையைக் கடையில்தான் கேட்கணும்.