எச்சில் பட்ட பல்லில் காம்போசிட் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: அல்சூர் பயிற்சி மருத்துவர்

பெங்களூரில் பல் மருத்துவப் பயிற்சி ஆண்டில் இருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லில் பல் நிற அடைப்பான காம்போசிட் வைத்தேன். ஆசிட் தடவிக் கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. அடைப்பை ஒட்டவைக்கும் பசையான பாண்டிங் திரவத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவன் பஞ்சு உருளையை நாக்கால் தள்ளிவிட, குழிக்குள் எச்சில் பளபளத்தது. காற்றடித்து உலர்த்தினேன், வெண்மை ஓரளவு திரும்பியதால் வேலையைத் தொடர்ந்தேன். நேற்று அவன் அம்மா அந்த அடைப்பை உடையாமல் அப்படியே ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். எச்சிலில் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தானே? உலர்ந்த பிறகும் ஏன் ஒட்டவில்லை?

பதில் 1: ஜெயநகர் மருத்துவர்

மீதியுள்ள அந்த ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியில்தான் உங்கள் விடை இருக்கிறது. 1955இல் மைக்கேல் புவோனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைப் பதப்படுத்திக் காட்டிய நாள்முதல், பசை எனாமலில் பிடிப்பதற்குக் காரணம் அமிலம் அரித்துத் திறந்த நுண்துளைகளுக்குள் அது ஊறி இறுகுவதுதான். அப்படித் திறந்த பரப்பு எதையும் ஆவலோடு இழுத்துக்கொள்ளும். பசைக்கு முன்னால் எச்சில் வந்துவிட்டால், அதிலுள்ள கிளைகோபுரதங்கள் நொடிக்கணக்கில் படிந்து துளைகளை மூடிவிடுகின்றன. காற்றடித்தால் தண்ணீர் மட்டுமே போகும். புரதம் அங்கேயே காய்ந்து படலமாகும். வெண்மை திரும்பியதை நம்பியதுதான் தவறு, ஏனெனில் அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கட்டத்தில் நன்றாகக் கழுவி, சுமார் 10 நொடி மறுபடி ஆசிட் வைத்து, மீண்டும் கழுவியிருக்க வேண்டும். குழி எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின்வரை போயிருந்தால் முற்றிலும் வறள விடாதீர்கள். அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் படுத்துவிட்டால் பசை உள்ளே இறங்காது. பாண்டிங்கை லைட் வைத்து இறுக்கிய பிறகு எச்சில் பட்டால் கழுவி, உலர்த்தி, புதிதாக ஒரு பூச்சுப் பூசி இறுக்குவது வழக்கம்.

பதில் 2: இந்திராநகர் குழந்தைப் பல் மருத்துவர்

மேலே சொன்னவை நேர்ந்த பிழையைத் திருத்தும் வழிகள். எச்சில் வராமல் தடுக்க 1864இலேயே சான்ஃபோர்ட் பார்னம், பல்லை மட்டும் வெளியே விட்டுச் சுற்றிலும் மறைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமைக் கொடுத்துவிட்டார். குழந்தைகளுக்குப் பஞ்சு உருளையை மட்டும் நம்பிக் காம்போசிட் வைப்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அக்கா. அந்தப் பல் முழுமையாக முளைக்கவில்லை; பின்பாதியில் ஈறு மூடியிருப்பதால் ரப்பர் டேமைப் பல்லில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் வழுக்குகிறது. வியாழக்கிழமை அவன் மறுபடி வருகிறான்.

பதில் 3: இந்திராநகர் குழந்தைப் பல் மருத்துவர்

அப்படியானால் இப்போதைக்குக் காம்போசிட் வேண்டாம். கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்பை வையுங்கள். அது பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைவதால் ஈரத்தைக் காம்போசிட்டைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் இறுகும்வரை எச்சில் படாமல் காத்து, மேலே வாஸ்லின் தடவி அனுப்புங்கள். பல் முழுதாக மேலே வந்து கிளாம்ப் நிற்கும்போது காம்போசிட்டுக்கு மாறலாம் என்று அவன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.