விலைக்கழிவு இலாபம் தர வேண்டுமானால் புதிய மின்னஞ்சல் முகவரிகள் வேண்டும்: மட்டக்களப்பு, அம்பாறை வணிகர்களின் அனுபவப் பகிர்வு

மருதமுனையிலிருந்து:

எங்கள் ஊர்க் கைத்தறிச் சேலைகளையும் சாரங்களையும் கடைகளுக்குக் கொடுப்பதுடன், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் எம்மவர்களுக்கு நேரடியாகவும் அனுப்பி வருகிறோம். பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னதாக மின்னஞ்சலில் விலைக்கழிவு அறிவிப்பது எங்கள் வழக்கம். விற்பனை குறையாமல் இலாபம் மட்டும் இறங்கிய ஒரு பெருநாளின் பின்னர் பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, கழிவில் வாங்கியவர்களுள் மிகப் பெரும்பாலானோர் முன்பு ஆண்டின் நடுவில் முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பது தெரிந்தது.

100 ரூபாய்க்கு விற்கும் துணியில் 30 ரூபாய் இலாபம் என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதக் கழிவின் பின் மிஞ்சுவது 10 ரூபாய்தான். பழைய இலாபத்தை எடுக்க மூன்று மடங்கு விற்க வேண்டும். தறியில் நெய்யும் துணியை நினைத்தவுடன் மூன்று மடங்காக்க எந்த நெசவாளராலும் இயலாது. ஆகவே, இதுவரை வாங்காத ஒருவரை முதன்முறை வாங்கச் செய்வதற்கான செலவாகவே கழிவை நான் கருதுகிறேன். அத்தகையவர்கள் எங்கள் மின்னஞ்சல் பட்டியலில் தொடர்ந்து சேர்ந்தால்தான் அச்செலவு திரும்பி வரும்.

இப்போது ஒவ்வொரு பொதியிலும், அந்தப் பட்டியலில் சேர்வதற்கான கியூஆர் குறியீடு அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை வைக்கிறோம். புதிய பாவு (நெசவுக்கான நீளவாட்டு நூல்) தறியில் ஏறும்போது முதலில் அறிவிப்போம், கரையின் நிறத்தை அவர்களே தெரிவு செய்யலாம் என்பதுதான் அதில் உள்ள வாக்குறுதி. கலியாணத்திற்கு அன்பளிப்பாகச் சேலை பெற்றவர்கள் இந்த அட்டை வழியாக நிறையவே சேர்கிறார்கள். எங்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைத்ததில்லை. கழிவு அவர்களின் முதற் கொள்வனவுக்கு மட்டும். பழையவர்களுக்கு முதலில் தெரிவு செய்யும் உரிமை.

முகவரிகளை விலைக்கு வாங்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கனடாவில் 2014 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், சம்மதமின்றி வணிக மின்னஞ்சல் அனுப்புவதைத் தடுக்கிறது. ஒருவர் பொருள் வாங்கியிருந்தால் அதனை இரண்டு ஆண்டுகளுக்கு மறைமுகச் சம்மதமாக ஏற்கிறது. அத்துடன், ஸ்பாம் (வேண்டாத மடல்) என்று முறையிடுவோரின் அளவு 0.3 சதவீதத்திற்குக் கீழே இருக்க வேண்டும் என ஜிமெயில் 2024 பெப்ரவரி முதல் எதிர்பார்க்கிறது. ஆயிரம் பேரில் மூவர் சினந்தாலே, உண்மையான வாடிக்கையாளருக்கு எழுதும் மடலும் குப்பைப் பெட்டிக்குப் போகக்கூடும்.

பொத்துவிலிலிருந்து:

மருதமுனை நானா சொன்ன கணக்கு தங்குமிடத் தொழிலுக்கும் பொருந்தும். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் காலம் முடிந்த பின்னர் அறைகள் வெறுமையாகக் கிடப்பதால், அடுத்த காலத்திற்கு முன்கூட்டியே கழிவு விலையில் பதிவு செய்யுமாறு மடல் அனுப்புகிறோம். முன்பதிவுத் தளங்கள் வழியாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் தளத்தின் இடைமுகவரி (மடலைத் தளத்தின் வழியாக விருந்தினருக்குக் கடத்தும் முகவரி) மட்டுமே எமக்குக் கிடைக்கிறது. அதனால், விருந்தினர் விடைபெறும்போது, விரும்பினால் தமது சொந்த முகவரியை எழுதித் தருமாறு கேட்கிறோம். அவர் மறுமுறை நேரடியாகப் பதிவு செய்தால் தளத்திற்குச் செல்லும் தரகுப்பணம் மிச்சமாகிறது. கழிவையும் அதிலிருந்தே கொடுத்துவிடுகிறோம்.

காத்தான்குடியிலிருந்து:

சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் அவசியம் என்பது எங்கள் அனுபவம், ஏனெனில் பல மின்னஞ்சல் சேவைகள் முகவரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கட்டணம் அறவிடுகின்றன. மடலைத் திறந்தவர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதியின் பின்னர், வாசிக்கப்படாத மடலும் திறந்ததாகப் பதிவாகலாம். இணைப்பை அழுத்தினாரா, வாங்கினாரா என்று மட்டும் பார்க்கிறோம். நெடுங்காலம் இரண்டும் இல்லாதவரிடம், தொடர்ந்து மடல் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டு, பதில் வராவிட்டால் நீக்கிவிடுகிறோம்.