கமலா சரி, முருகன் மட்டும் உடையுது: டேட்டாபேஸ் யூனிகோட் அனுபவங்கள்

வாளையார்_வடக்கு:
பாலக்காட்டு ஆஸ்பத்திரி, கோயம்புத்தூர் லேப், நடுவில் இன்டகிரேஷன் எஞ்சின் (ரெண்டு பக்கத்துக்கும் தகவல் கடத்தும் மென்பொருள்). மைஎஸ்க்யூஎல் டேபிள் யூடிஎஃப்8எம்பி4 (யூனிகோட் எழுத்தை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8-க்கு மைஎஸ்க்யூஎல் வைத்த பேர்), கனெக்‌ஷனும் யூடிஎஃப்-8. டெஸ்ட் பேஷண்ட் 'கமலா' அழகாகப் போய்ச் சேர்ந்தது. லைவில் வந்த முதல் முருகன், ரிப்போர்ட்டில் 'ம�?ர�?கன�?'. கமலா அப்பவும் சுத்தம்!

டேபிளில் லெங்த்() (பைட் எண்ணிக்கை) போட்டதும் குட்டு வெளிப்பட்டது. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், கமலா 4 குறி, 12 பைட் இருக்கணும், இருந்தது 25. எஞ்சின் விண்டோஸில், ஜாவா 8. லிசனர் (தகவலை வாங்கும் பகுதி) என்கோடிங் 'டிஃபால்ட்', அதாவது விண்டோஸ்-1252, ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய மேற்கத்திய முறை. உள்ளே வரும்போது தப்பாகப் பிரிக்குது, வெளியே போகும்போது அதே தப்பைத் திருப்பிச் செய்யுது. அதனால் திரையில் சரியாகத் தெரியும். ஆனால் 1252-இல் 129, 141, 143, 144, 157 இந்த அஞ்சு இடமும் காலி. உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளி 141, ஏ 143, ஐ 144. கமலாவில் இதில் ஒன்றுகூட இல்லை.

நகரி_ரோடு:
தெலுங்கிலும் அதே உகரம், அதே விராமம் (நம்ம புள்ளி மாதிரி)தான் போகும். இந்திய எழுத்துகளுக்கு இஸ்கி (பழைய இந்தியக் குறியீட்டுத் தரம்) வரிசையை வைத்தே 128, 128-ஆக இடம் ஒதுக்கியிருக்காங்க. அதனால் கடைசி பைட் தமிழ், தெலுங்கு, மலையாளம் மூணுக்கும் ஒன்றுதான். எங்க பக்கம் ஃபாண்ட் கோளாறு என்று மூணு நாள் ஃபாண்ட் மாத்திக்கிட்டிருந்தாங்க.

கொழிஞ்சாம்பாறை:
இதுக்கு இவ்வளவு எதுக்கு? டேபிள் காலத்தை (நெடுவரிசையை) லேட்டின்1-க்கு (மைஎஸ்க்யூஎல்லில் 1252-க்கான பேர்) கன்வெர்ட், அதை பைனரிக்கு காஸ்ட், மறுபடி யூடிஎஃப்8எம்பி4. ஒரே அப்டேட். இங்கே அப்படித்தான் மொத்தமும் மீண்டது.

வாளையார்_வடக்கு:
அண்ணே, உங்களுக்குக் கெடுத்தது மைஎஸ்க்யூஎல். அதோட லேட்டின்1 அந்த அஞ்சு காலி இடத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளும், அதனால் மீண்டது. இங்கே கெடுத்தது ஜாவா. 129 வந்தால் அந்த இடத்திலேயே மாற்றுக்குறி போட்டுவிடும், மூல பைட் போச்சு. லேப்பிலிருந்து மறுபடி இழுக்கிறது தவிர வழியில்லை.

செங்கோட்டை_டிபிஏ:
நம்ம கதை ஆரக்கிள். வார்கேர்2(30) காலம், அந்த 30 இயல்பாக பைட் கணக்கு. 'ஸ்ரீநிவாசன்' வந்ததும் ஓஆர்ஏ-12899, காலத்தில் இடம் போதாது என்ற பிழை. கண்ணுக்கு அஞ்சு எழுத்து, யூனிகோடில் 11 குறி, 33 பைட். அவ்வளவுதான் கதை.

இனி, கேட்காவிட்டாலும் சொல்றேன். வார்கேர்2(30 கேர்), அதாவது 30 குறி, என்று ஒவ்வொரு காலத்தையும் மாற்றணும். என்எல்எஸ் லெங்த் செமான்டிக்ஸை (நீளத்தை பைட்டாக எண்ணுவதா குறியாக எண்ணுவதா என்ற அமைப்பை) மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உள்ள காலங்கள் அசையாது. 4000 கேர் என்று எழுதினாலும் சாதாரண அமைப்பில் உச்சவரம்பு 4000 பைட்தான், தமிழில் 1333 குறியோடு நிற்கும். கேரக்டர் செட் ஏஎல்32யூடிஎஃப்8 ஆக இருக்கணும். பேரைப் பார்த்து 'யூடிஎஃப்8' எடுத்தால் அது பழைய வேற சரக்கு. பழைய மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாறினால் வார்கேர்(255) இண்டெக்ஸ் 767 பைட்டைத் தாண்டி அடம்பிடிக்கும், 191-க்குக் குறைக்கணும், இல்லாவிட்டால் ரோ ஃபார்மேட்டை டைனமிக் ஆக்கணும். எஸ்க்யூஎல் சர்வர் என்றால் என்வார்கேர் காலம் மட்டும் போதாது, கோட்டுக்குள் எழுதும் பேருக்கு முன்னால் 'என்' போடணும். விட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான்.

கொழிஞ்சாம்பாறை:
சரி, ஜாவா விஷயம் ஒத்துக்கிறேன். ஆனால் மலையாளம் கலந்தால் இன்னொரு வம்பு இருக்கு. 'ராஜன்' மலையாளத்தில் எழுதினால் கடைசியில் வரும் சில்லெழுத்து (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம்) 2008-இல் யூனிகோட் 5.1-இல்தான் தனிக் குறியானது. புதுசில் 4 குறி, பழசில் கடைசி எழுத்துக்கு மட்டும் ந, சந்திரக்கலை (மலையாளப் புள்ளி), ஸீரோ விட்த் ஜாய்னர் (கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி) என்று மூணு, மொத்தம் 6. திரையில் வித்தியாசமே தெரியாது, எஞ்சின் ஃபில்டரில் சமம் வராது. ஒரே ஆளுக்கு ரெண்டு பேஷண்ட் நம்பர். என்எஃப்சி (யூனிகோடின் சீராக்கும் முறை) போட்டாலும் சேராது, ரீப்ளேஸ் ஸ்கிரிப்ட் தனியாக எழுதணும்.

நகரி_ரோடு:
வாளையார், கடைசியில் எங்கே மாத்தினீங்க?

வாளையார்_வடக்கு:
லிசனர், சென்டர் (தகவலை அனுப்பும் பகுதி) ரெண்டிலும் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக. ஹெச்எல்7-இல் (ஆஸ்பத்திரித் தகவல் பரிமாறும் தரம்) எழுத்துமுறையைச் சொல்லும் எம்எஸ்ஹெச்-18 புலம் 'யூனிகோட் யூடிஎஃப்-8'. ஜாவா ஸ்டார்ட் ஆப்ஷனில் ஃபைல் என்கோடிங்கும் (ஜாவா 18-லிருந்து தானாகவே யூடிஎஃப்-8). சென்டரை மறந்து லிசனரை மட்டும் மாத்தினால் கமலாவும் கேள்விக்குறி ஆயிடுவாள்.

டெஸ்ட் பேஷண்ட் பேரும் மாத்தியாச்சு: 'ஏழுமலை ஐயப்பன்'. ஏ, ஐ, உகரம், புள்ளி நாலும் அதில் இருக்கு. லெங்த்() 40 வரணும்.