தென்காசிப் பக்கம் மார்ஃபின் மாத்திரை எங்கே கிடைக்கும்?

அம்மாவுக்கு 62 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. முன்பு கொடுத்த டிரமடாலில் வலி அடங்கவில்லை, குமட்டல்தான் மிச்சம். அப்புறம் சென்னையில் மார்ஃபின் 10 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதினார்கள். மலச்சிக்கலைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. மூன்று வாரமாக நிம்மதியாகத் தூங்குகிறார்.

கையிருப்பு இன்னும் 3 நாளுக்குத்தான் வரும். திடீரென நிறுத்தவும் கூடாது. வலியோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

சங்கரன்கோவிலில் ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கிவிட்டேன். சீட்டைக் காட்டினாலும் போதைக்கு அலைபவனைப் பார்ப்பதுபோல்தான் பார்க்கிறார்கள். அம்மாவால் சென்னை வரை பயணம் செய்ய முடியாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (NDPS) 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை இருப்பு வைத்துக் கொடுக்கலாம்.

தென்காசி, திருநெல்வேலி, மதுரையில் அப்படிக் கொடுக்கும் மருத்துவமனை எது?