யார் பேரில் போடுவது?

குழு: மஞ்சக்குப்பம் வீடு
ஜூலை மாத ஞாயிறு

பெரியப்பா, காலை 6:58
இனிய காலை வணக்கம் 🌹

பிரசன்னா, 8:41
எல்லாருக்கும் ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்க, அதாவது பி.ஆருக்கு, ஒரு கன்சல்டன்சியில் பேசியிருக்கிறேன். பாயின்ட் கணக்கில் கிடைக்கிற 189 விசா, மொத்தம் இரண்டரை லட்சம். இன்றைக்குள் ஐம்பதாயிரம் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி. செந்தில் மச்சான், ஒரு வார்த்தை சொல்லுங்க.

அப்பா, 8:44
ஐம்பதாயிரமா? என்னிடம் சொல்லவே இல்லையே.

பெரியப்பா, 8:47
கம்பெனிக்காரனே விசா எடுத்துக் கூட்டிப் போவானே, அந்த வழி இல்லையா? நெய்வேலியில் என்னோடு வேலை பார்த்தவர் பையன் அப்படித்தான் துபாய் போனான்.

செந்தில் (அடிலெய்டு), 9:20
இப்போதுதான் பார்த்தேன். மாப்ள, பைசா கட்டாதே. வயது, அனுபவம், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மார்க், மூன்றையும் சொல்.

பிரசன்னா, 9:22
32. சிப்காட்டில் ஒன்பது வருடம், மெக்கானிக்கல். ஐஇஎல்டிஎஸ் ஓவரால் 7.5.

செந்தில், 9:22
ஓவரால் யாருக்கு வேண்டும்? நான்கையும் தனித்தனியாகப் போடு.

பிரசன்னா, 9:24
லிசனிங் 8.5, ரீடிங் 8, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5

செந்தில், 9:31
அந்த ரைட்டிங்தான் காலை வாருகிறது. நான்கிலும் 7 இருந்தால் 10 பாயின்ட். ஒன்றில் அரை குறைந்தாலும் பூஜ்யம். இப்போது உன் கணக்கு: வயதுக்கு 30, பி.இ.க்கு 15, எட்டு வருடத்துக்கு மேல் அனுபவத்துக்கு 15. மொத்தம் 60. விண்ணப்பிக்கவே 65 வேண்டும். கயல் ஆங்கிலப் பரீட்சை எழுதி 6 வாங்கினால் மனைவி என்ற கணக்கில் உனக்கு 5 சேரும், தொட்டுக்கொள்ளலாம். உன் பிறந்தநாள் எப்போது?

அப்பா, 9:33
ஆவணி 10. அடுத்த மாதம்தான். 33 நிறைகிறது.

செந்தில், 9:34
போச்சு. 33 ஆனதும் வயதுக்கு 30 இல்லை, 25.

பிரசன்னா, 9:36
இஓஐ என்கிற விருப்ப மனுவைப் போட்டுவிட்டால் வயது லாக் ஆகிவிடும் என்றாரே அந்த கன்சல்டன்சிக்காரர்?

செந்தில், 9:41
ஆகாது. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வருகிற நாளில் என்ன வயதோ அதுதான். இஓஐக்குக் கட்டணமே கிடையாது, ஸ்கில்செலக்ட் என்கிற அரசுத் தளத்தில் நீயே போடலாம். அதற்கு முன்னால் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்கிற அமைப்பின் அசெஸ்மென்ட், அதாவது தகுதி மதிப்பீடு, கையில் இருக்கணும். சிடிஆர் என்று கேட்பார்கள். நீ செய்த வேலையை மூன்று கேரியர் எபிசோடாக எழுதணும். அதையும் அவரே எழுதித் தருகிறேன் என்றிருப்பாரே?

பிரசன்னா, 9:42
பேக்கேஜில் சேர்த்தி 😐

செந்தில், 9:45
ஊரெல்லாம் சுற்றிய எபிசோடைத்தான் கொடுப்பார். காப்பி என்று பிடித்தால் தடை போடுவார்கள். பம்ப் பேரிங் மாதாமாதம் போய்க்கொண்டிருந்ததே, ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்து அலைன்மென்ட் விலகுகிறது என்று நீ கண்டுபிடித்தாயே? பொங்கலுக்கு வந்தபோது ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினாய். அதை எழுது, ஒரு எபிசோட் ரெடி.

பெரியப்பா, 9:50
என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

செந்தில், 9:56
மன்னிக்கணும் பெரிய மாமா. அந்த வழியும் இருக்கிறது, 482 என்று பேர். நான்கு வருடம் வரை கிடைக்கும். ஆனால் கம்பெனி மனது வைத்தால்தான். வேலை போனால் 180 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்கணும். இன்னொன்று, ஸ்பான்சர் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு என்று யாராவது கேட்டால் அது இங்கே சட்டப்படி குற்றம்.

அத்தை (முத்தியால்பேட்டை), 10:12
எங்கள் தெருவில் ஒரு பையன் பிரெஞ்சு படிக்கிறான், கனடாவுக்காம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பையனும் இல்லை, சாதாரணக் குடும்பம். பிரசன்னாவும் படிக்கலாமே?

பிரசன்னா, 10:14
எனக்கு நான்கு பிரெஞ்சு வார்த்தை தெரியும் அத்தை. நான்கும் புதுச்சேரித் தெருப் பெயர்.

செந்தில், 10:19
சிரிக்காதே, அம்மா சொல்வது சரி. 2023 முதல் கனடாவில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்புச் சுற்று நடக்கிறது. 2025 மார்ச்சில் ஒரு சுற்றில் 379 பாயின்ட் வரை இறங்கியது. பிரெஞ்சு இல்லாதவன் 500க்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஆனால் பேச, கேட்க, படிக்க, எழுத, நான்கிலும் லெவல் 7 வேண்டும். ஒரு வருடமாவது விழுந்து விழுந்து படிக்கணும். ரைட்டிங்கில் 6.5 வாங்குகிறவனுக்கு எதற்கு இன்னொரு ரைட்டிங்?

அத்தை, 10:25
அது கிடக்கட்டும். எல்லாரும் இவனையே பேசுகிறீர்கள். கயல் நர்ஸாச்சே, அவள் பேரில் போட முடியாதா?

அப்பா, 10:31
கயல் நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறது.

செந்தில், 10:38
அம்மா 👏 இதை நான் முதலில் கேட்டிருக்கணும். நர்ஸ்களுக்குக் கொஞ்ச வருடமாகவே இன்ஜினியர்களைவிடக் குறைந்த பாயின்டில் அழைப்பு வருகிறது. எழுந்ததும் பேசச் சொல்லுங்கள்.

கயல், பகல் 1:47
அடேயப்பா, எவ்வளவு மெசேஜ்.
செந்தில் அண்ணா, நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வயது 29, அதற்கு 30. பி.எஸ்சி. நர்சிங் 15. ஐ.சி.யூ. அனுபவம் ஆறு வருடம், 10. ஐஇஎல்டிஎஸ் 7 எடுத்தால் 10. ஆக 65. இவர் அசெஸ்மென்ட் முடித்தால் பார்ட்னருக்கு 10, அப்போது 75. மாநிலம் பரிந்துரைக்கிற 190 விசா என்றால் இன்னும் 5, ரீஜினல் ஏரியாவுக்கான 491 என்றால் 15. சரியா?

செந்தில், 1:49
சரியோ சரி. எப்போது போட்டாய்?

கயல், 1:53
சித்திரையில். எட்டு மாதமாக என்கிளெக்ஸ் என்கிற நர்சிங் தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு வார்டு அமைதியாகும்போது பத்து, பதினைந்து கேள்வி.

பிரசன்னா, 1:54
எனக்கே தெரியாது.

கயல், 1:55
நீங்கள் கேட்கவில்லை 🙂

செந்தில், 2:04
வேலை நிறைய இருக்கிறது கயல். முதலில் இங்குள்ள நர்சிங் பதிவு. என்கிளெக்ஸ் பாஸ் செய்து, ஓஸ்கி என்கிற செய்முறைத் தேர்வுக்கு இங்கே வரணும். அது அடிலெய்டில் நடக்கிறது, தங்குவதற்கு நம் வீடு இருக்கிறது. பதிவு கிடைத்த பிறகுதான் நர்ஸ்களுக்கான அன்மாக் அமைப்பின் அசெஸ்மென்ட். 491ஐ இளப்பமாக நினைக்காதே. ஐந்து வருட விசா, ரீஜினல் ஏரியாவில் மூன்று வருடம் இருந்து வரிக் கணக்குக் காட்டினால் பி.ஆர். கேட்கலாம். ரீஜினல் என்றால் பொட்டல் காடு இல்லை, அடிலெய்டே ரீஜினல்தான். நானே அதில் வந்தவன்.

பெரியப்பா, 2:10
அப்படியானால் பிரசன்னா?

பிரசன்னா, 2:11
கயல் விசாவில் நான் டிபென்டன்ட், பெரியப்பா.

பெரியப்பா, 2:12
👍

அத்தை, 2:15
கயல், நீ சாப்பிட்டாயா?

கயல், 2:20
சாப்பிட்டேன் பெரியம்மா. மாமா, ஒரு சந்தேகம். நர்சிங் கவுன்சில் சர்டிபிகேட்டில் கே. கயல்விழி என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்துப் போட்டிருக்கிறார்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் வருகிறது. ஒருத்தியே மூன்று பேராக இருக்கிறேன்.

அப்பா, 2:23
மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வை. மஞ்சக்குப்பத்தில் நோட்டரிக்கா பஞ்சம்? காலையில் கோர்ட் பக்கம் போய் அஃபிடவிட்டுக்குக் கேட்டு வருகிறேன்.

பிரசன்னா, 2:40
கன்சல்டன்சியிலிருந்து நான்காவது கால். தள்ளுபடி இருபதாயிரமாம்.

கயல், 2:41
எடுக்காதீங்க. பம்ப் கதையை எழுத ஆரம்பிங்க.