கைப்பிள்ளையோட ஸ்நோவுக்குப் போனனீங்கள் ஆராவது இருக்கிறீங்களோ?

வெள்ளவத்தை அம்மா

என்ர மனிசன்ர தமையன் சுவிசில, லுசேர்ணில. போன மாசி தங்கட பிள்ளையளுக்கு ஸ்போர்ட் லீவு, ஸ்கீக்குப் போறம், நீங்களும் வாங்கோ எண்டு நிண்டதில நாங்களும் வெளிக்கிட்டம். மூத்தவளுக்கு மூண்டரை வயசு, சின்னவனுக்கு ஒன்பது மாசம். விசா, டிக்கெட் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதை விடுறன்.

எங்கெல்பேர்க் மட்டும் ரெயில், பிறகு கேபிள் கார், ட்ரூப்சே எண்ட இடத்தில இறங்கினம். 1,800 மீட்டர் அளவில ஒரு ஏரி, மாரியில உறைஞ்சுபோய்க் கிடக்கும். மூத்தவள் இறங்கினதும் ஸ்நோவில உருளத் தொடங்கிட்டாள். சின்னவன் இவற்ற முதுகில. மச்சாள் தந்த, கம்பி வைச்ச காவுற பை, கால் ரெண்டும் கீழ தொங்கும். மேசு ரெண்டு சோடி, மேல குட்டிச் சப்பாத்து, எல்லாம் போட்டுத்தான் இருந்தது.

முதல் பத்து நிமிசம் சிணுங்கினான். பிறகு சத்தமில்லை. நான் இவருக்குச் சொன்னன்: "பாத்தீங்களே, பிள்ளைக்குக் குளிர் பழகிட்டுது." இந்தச் சொல்லுத்தான் ஒரு வருசமா எனக்கு நித்திரை தராத சொல்லு.

தேத்தண்ணி குடிப்பம் எண்டு வெளி வாங்கிலுக்குப் போனம். எழுபது வயசு மதிக்கிற ஒரு மனிசி பக்கத்து மேசையில இருந்து எழும்பி வந்தா. என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளையின்ர சப்பாத்தையும் மேசுகளையும் இழுத்துக் கழட்டினா. கால் செக்கச்செவேல் எண்டு, தொட்டால் ஐஸ். பிள்ளையைப் பையால தூக்கி, தன்ர ஜக்கெட்டைத் திறந்து, உள்ச்சட்டையையும் தூக்கி, அந்த ரெண்டு காலையும் தன்ர வெறும் வயித்தில வைச்சு அமத்திக்கொண்டு இருந்தா. அவ கதைச்சது சுவிஸ் ஜேர்மன், எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. பிள்ளை அரைக்கண்ணில கிடந்தான். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது, திடீரெண்டு வீரிட்டுக் கத்தினான். அந்த மனிசி என்னைப் பாத்துத் தலையை ஆட்டினா, அழுறான், இனிப் பயமில்லை எண்டுற மாதிரி. எனக்கு அப்பதான் கை நடுங்கத் தொடங்கினது.

கீழ கொண்டு வந்து டொக்டரிட்டைக் காட்டினம், ஒரு பழுதும் இல்லை. இந்த வயசுப் பிள்ளையளுக்கு நடுங்கிச் சூடு எடுக்க வடிவாத் தெரியாது, குளிர் கூடக் கூட அழுறதை விட்டுட்டுத் தூங்கப் பாக்குங்கள் எண்டு சொன்னார். பையின்ர விளிம்பு தொடையை அமத்தினதில காலுக்கு ரத்த ஓட்டமும் குறைஞ்சிருக்கு. காவுறவருக்கு நடந்து நடந்து வேர்க்கும், பிள்ளை அசையாமல் தொங்கிக்கொண்டு கிடக்கும்.

உங்களுக்கு ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

கொட்டாஞ்சேனை அப்பா

அக்கா, இத வாசிச்சிட்டு சும்மா போக ஏலாமக் கிடக்கு.

நாங்க போனது கஷ்மீர்ல குல்மார்க். டெல்லி போய் ஸ்ரீநகர், அங்கயிருந்து ஜீப். மகனுக்கு அப்ப நாலு வயசு. குல்மார்க் ஊரே 2,650 மீட்டர். நம்ம பிதுருதலாகல உச்சியே 2,524 தான். கொழும்புல கடல் மட்டத்துல வளந்த புள்ள, ரெண்டே நாள்ல, ஹோட்டல் கட்டில்ல படுத்திருக்கிறப்பவே இலங்கையில யாரும் நிக்காத உயரத்துல இருந்திருக்கான். அது எனக்கு அப்ப தெரியாது.

கொண்டோலா, அதுதான் கேபிள் கார், ரெண்டு கட்டம். முதல் கட்டம் கொங்டூரி, அது 3,000 தாண்டிடும். ரெண்டாவது கட்டம் அபர்வட், 3,900 தாண்டிடும். ரெண்டுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. கொங்டூரியில ரெண்டாவது கட்டத்துக்கு வரிசையில நிக்கிறப்ப மகன் "வயிறு நோகுது" எண்டு ஸ்நோவுல குந்திட்டான். கையுறைய கழட்டி வீசுறான். காலையில ரொட்டி சாப்பிட மாட்டேன்னவன், பசிதான் இப்ப வேல செய்யுது எண்டு நான் நினைச்சேன். "குழப்படி பண்ணாத, எவ்வளவு காசு கட்டி வந்திருக்கோம்" எண்டு கையப் புடிச்சு இழுத்து நிப்பாட்டினேன். நின்ன நிலையில என் சப்பாத்து மேலயே வாந்தி எடுத்தான். எடுத்துட்டு என் தொடையில தலைய சாய்ச்சு, "அப்பா, தலைக்குள்ள யாரோ தட்டுறாங்க" எண்டான்.

ஸ்லெட்ஜ் இழுக்கிற ஒரு கஷ்மீர்க்காரர் பார்த்துட்டு ஓடி வந்து, கீழ, கீழ எண்டு கைய காட்டினார். இறங்கினோம். குல்மார்க்குலயும் நிக்காம ஜீப்ப எடுத்து இன்னும் கீழ தங்மார்க் வந்து சேர்றதுக்குள்ள மகன் பிஸ்கட் கேட்டான். இது உயரத்தால வர்ற வருத்தம், கீழ கொண்டு வர்றதுதான் முதல் மருந்து எண்டு பிறகு டொக்டர் சொன்னார். சின்னப் புள்ளைகளுக்கு தலையிடி எண்டு சொல்லத் தெரியாது, வயிறு எண்டுதான் சொல்லுமாம், இல்லாட்டி சாப்பாடு வேணாம் எண்டு சிணுங்குமாம். ரெண்டுமே என் கண் முன்னால நடந்தது.

இப்ப அவனுக்கு ஏழு வயசு, ஒண்டும் ஞாபகமில்ல. நான் இழுத்த கை எனக்கு ஞாபகம் இருக்கு.

பம்பலப்பிட்டி பெரியவர்

தங்கச்சி, கோபிக்கக் கூடாது. ஒன்பது மாதப் பிள்ளையை அந்தப் பையில் போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தது பிழை. தம்பி, நீங்கள் ரெண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் எடுத்ததே பிழை. நாலு வயதுப் பிள்ளைக்கு அபர்வட்டில் என்ன இருக்கிறது? நான் பயண முகவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் வயது. பொதுவாக ஸ்கீ பள்ளிகள் மூன்று அல்லது நாலு வயதில் இருந்துதான் எடுக்கும். அதற்குக் கீழே என்றால் பிள்ளை பராமரிப்பு உள்ள இடமாகப் பார்த்து, டிக்கெட் எடுப்பதற்கு முன்னமே அங்கே இடம் பதிய வேண்டும், பிறகு தேடினால் கிடையாது. உயரம் பார்க்க வேண்டும். தங்கிற ஊர் 1,000, 1,500 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. கேபிள் காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பிள்ளைக்குப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும்.

உடுப்பு. தோலோடு ஒட்டுகிறது பருத்தியாக இருக்கக் கூடாது, வேர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். கம்பளி, இல்லாவிட்டால் கெதியாகக் காய்கிற செயற்கை நூல். ஐந்து விரல் பிரிந்த கையுறை வேண்டாம், விரலெல்லாம் ஒன்றாகக் கிடக்கிற பை மாதிரியானதுதான் சூடு. புதிதாய் விழுந்த ஸ்நோ வெயிலின் புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அந்தக் கதிர் 10 வீதமளவில் கூடும். அதனால் கண்ணாடி இல்லாமல் பிள்ளையை வெளியே விடாதீர்கள். காரில் போகும்போது தடித்த ஜக்கெட்டோடு பிள்ளையைச் சீட்டில் வைத்துப் பட்டி போடக் கூடாது. இடித்தால் ஜக்கெட் அமர்ந்து பட்டி தளர்ந்து போகும். கழட்டி, பட்டியை இறுக்கி, மேலே போர்வை.

சுவிஸ், இத்தாலிப் பக்கம் போக எடுக்கிற செங்கன் விசாவுக்கு இப்போது பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழே இல்லை. 12க்குக் கீழே கைரேகையும் எடுக்க மாட்டார்கள். காப்புறுதி 30,000 யூரோ கேட்பார்கள். எல்லாரும் அதை வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தை வடிவாக வாசித்தால் குளிர்கால விளையாட்டு சேராது என்று பல நேரம் உள்ளே போட்டிருக்கும். ஹெலிகொப்டரில் இறக்கினால் அந்தக் காசு உங்கள் தலையில்தான். இத்தாலிப் பக்கம் போனால் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், 2022 தொடக்கம் 18 வயதுக்குக் கீழே மட்டும் இருந்தது, 2025 நவம்பர் தொடக்கம் எல்லா வயதுக்கும். சுவிஸ் ரெயிலில் ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, அது ஒரு லாபம்.

என் அனுபவம் என்று கேட்டால், பேத்தியை மூன்று வயதில் துபாயில் மோலுக்குள் இருக்கிற ஸ்கீ மண்டபத்துக்குக் கொண்டு போனேன். உள்ளே பூச்சியத்துக்குக் கீழே ஒன்று இரண்டு பாகை. கதவு திறந்து காற்று முகத்தில் அடித்ததும் என் வேட்டியைப் பிடிக்கிற மாதிரி காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இந்த வீடு வேண்டாம்" என்றாள். திரும்பி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஒரு இடத்துக்கும் அவசரப்படுத்தினது இல்லை.

தெஹிவளை மீனா

ஐயா, அந்த அக்கா பிழை சரி கேக்கேல்லை. இப்பிடி நடந்ததோ எண்டுதான் கேட்டவ. ஒரு வருசமாத் தன்னைத் தானே குத்திக்கொண்டிருக்கிற தாய்க்கு நீங்களும் ஒருக்காக் குத்த வேணுமே? அந்த நேரம் அவவுக்குச் சொல்ல ஆரும் இருக்கேல்லை, உந்தப் பையை அங்க எல்லாரும் முதுகில போட்டுக்கொண்டுதான் திரியிறாங்கள். கார்ச் சீட் விசயம் நல்லது, அது எனக்குத் தெரியாது.

என்ர கதை சுவிசில கிரிண்டல்வால்ட். மகனுக்கு நாலு வயசும் ரெண்டு மாசமும். போய் இறங்கின அடுத்த நாளே ஸ்கீ வகுப்பு பதிஞ்சு வைச்சிருந்தன், ஒரு நாளும் வீணாகக் கூடாது எண்டு. எங்கட நேரத்துக்கும் அங்கத்தை நேரத்துக்கும் நாலரை மணித்தியாலம். கொழும்பில ஆறரைக்கு எழும்பிற பிள்ளை அங்க விடிய ரெண்டு மணிக்கு எழும்பி, பிட்டு வேணும் எண்டு கட்டிலில இருந்தது. வகுப்புப் பத்து மணிக்கு. அதுக்கிடையில அவனுக்கு ஒரு முழு நாள் முடிஞ்சுது.

அந்தச் சப்பாத்தை நீங்கள் தூக்கிப் பாத்திருக்கிறீங்களோ? கணுக்கால் மடங்காது, பிள்ளை ரோபோ மாதிரித்தான் நடக்கும். தலையில ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, கழுத்தில பவ் எண்ட குழாய் மாதிரித் துணி. பழக்கிற பிள்ளை இருபது வயசுப் பெட்டை, நல்ல சிரிச்ச முகம். நீங்கள் நிண்டால் அழுவான், போங்கோ எண்டா. சொல்லிப்போட்டுப் போனால் இன்னும் அழுவான் எண்டு நினைச்சு, அவன் அந்தப் பக்கம் பாத்த நேரம் நான் கட்டிடத்துக்குப் பின்னால ஒளிச்சன்.

அவன் திரும்பினான். நான் நிண்ட இடத்தைப் பாத்தான். கண்ணாடிக்குள்ளால கண் தெரியேல்லை, வாய் மட்டும் தெரிஞ்சுது. அழேல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு அப்பிடியே நிண்டான். பிறகு அந்தப் பெட்டை அவன்ர கையைப் பிடிச்சு, நகருற கம்பளத்தில ஏத்திக்கொண்டு போட்டா.

ஒன்றரை மணித்தியாலத்தில ரெண்டு சொல்லுப் பழகிக்கொண்டு வந்தான். பீட்சா எண்டால் ரெண்டு பலகையின்ர முன்நுனியையும் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி நிக்கிறது, பிறேக். பொம்மெஸ் எண்டால் உருளைக்கிழங்குப் பொரியல் மாதிரி நேர, ஓடுறது. சின்னனுகளுக்கு இப்பிடித்தான் பழக்குகினம். வீட்டை வந்தும் மேசோட ரைல்ஸில சறுக்கிக்கொண்டு வந்து "பீட்சா!" எண்டு கத்தித்தான் நிப்பான். எல்லாரும் எவ்வளவு சந்தோசம் எண்டுவினம். ஆனா அண்டையில இருந்து நான் குளிக்கப் போனாலும் கதவடியில வந்து, "அம்மா, சொல்லிப்போட்டுத்தானே போவீங்கள்?" எண்டு கேக்கிறான். இப்ப எட்டு மாசம்.

போறதெண்டால் முதல் மூண்டு நாள் ஒண்டும் பதியாதேங்கோ. நித்திரை சரி வரட்டும். ஒளிக்காதேங்கோ. அழுதாலும் சொல்லிப்போட்டுப் போங்கோ.

வெள்ளவத்தை அம்மா

மீனா, நன்றி. ஐயாவில எனக்குக் கோபமில்லை. பிழை எண்டு எங்கட சனம் ஒருத்தரும் என்ர முகத்துக்கு நேர சொல்லேல்லை, எல்லாரும் "ஒண்டும் நடக்கேல்லைத்தானே" எண்டுதான் சொன்னவை. தம்பி, நீங்கள் எழுதினதை இவருக்கும் வாசிச்சுக் காட்டினன். அந்தப் பையைக் காவினது அவர். இதைப் பற்றி அவர் இவ்வளவு நாளும் ஒரு கதையும் கதைச்சதில்லை, இண்டைக்குத்தான் "கனம் ஒண்டும் தெரியேல்லை, அவன் அசைஞ்சிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்" எண்டார்.

இந்த மாசியும் கூப்பிடுகினம். போறதோ தெரியாது. போனால் ஊருக்குள்ள சறுக்குப் பலகை இழுக்கிற சின்ன மேடு காணும். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா உள்ளுக்கு வந்து மேசுகளைக் கழட்டிக் காலைத் தொட்டுப் பாக்கிறதெண்டு முடிவு. குளிர் உடுப்பு எங்க வாங்கினனீங்கள்? போன முறை எல்லாம் மச்சாளின்ர பிள்ளையளின்ர பழசு.

கட்டுநாயக்க தங்கச்சி

நான் ஸ்நோவ பார்த்ததே இல்லைங்க. ஆனா ஏழு வருசம் ஸ்நோவுக்குப் போடுற ஜக்கெட் தைச்சேன், இங்க சோனுக்குள்ள, ஏற்றுமதி கார்மென்ட்ஸ் வலயத்துல. சொந்த ஊரு பதுளைப் பக்கம் தோட்டம். எங்க தையல் லைன்ல புள்ளைங்க சைஸ்தான், ரெண்டு வயசு, மூணு வயசு, நாலு வயசு.

அந்த ஜக்கெட்டுக்கு உள்ள, இடுப்புக்கு நேரா, சுத்திவர எலாஸ்டிக் வச்ச ஒரு பாவாடை மாதிரி துணி வரும். முன்னுக்கு ரெண்டு பட்டன். அதத் தைக்கிறதுதான் எனக்குக் குடுத்த வேலை. எதுக்குன்னு தெரியாது. வெளிய தெரியாத துணிக்கு ஏன் இவ்வளவு தையல், கொஞ்சம் கோணினாலும் ஏன் திருப்பி அனுப்புறாங்கன்னு இருக்கும். சுப்பர்வைசர் அக்காவுக்கும் தெரியாது.

போன வருசம் கனடாவுல இருக்கிற சின்னம்மா மகள் வீடியோ கோல்ல வந்தா. அவ புள்ள ஸ்நோவுல குப்புற விழுந்து எந்திரிக்குது. அவ ஓடிப்போய் ஜக்கெட் சிப்ப திறந்து காட்டுறா, "பாருங்கக்கா, உள்ள ஒரு சொட்டு போகல, இந்தப் பட்டிதான் தடுக்குது"ன்னு. அதே பாவாடை. நான் தைச்சதான்னு சொல்ல முடியாது. ஆனா நான் போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன், அவ பேசினது எதுவும் காதுல விழல.

நுவரெலியா பேல் பசார்ல இந்த மாதிரி எக்ஸ்போர்ட் மிச்ச ஜக்கெட் வரும், கொழும்பு புறக்கோட்டையிலயும் சில நேரம் கிடைக்கும். வாங்கிறப்ப உள்ளுக்குக் கைய விட்டுப் பாருங்க, அந்தப் பட்டி இருக்கணும். காற்சட்டையில கால் அடியிலயும் அதே மாதிரி உள்மடிப்பு ஒண்ணு இருக்கும், அது சப்பாத்துக்கு மேல இழுத்து விடுறது. மூட்டுற இடத்துல உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தா தண்ணி வராது. இல்லாட்டி வாங்காதீங்க.

கொட்டாஞ்சேனை அப்பா

தங்கச்சி, இத வாசிச்சிட்டு அலுமாரியில இருந்து மகன்ட ஜக்கெட்ட எடுத்துப் பார்த்தேன். பேல் பசார்ல வாங்கினதுதான். அந்தப் பட்டி இறுக்குது எண்டு மகன் அழ, போறதுக்கு முதல் நாள் டெய்லர்கிட்ட குடுத்து வெட்டிட்டோம். உள்ளுக்கு நூல் இன்னும் நிக்குது. திருப்பித் தைக்க ஏலுமா?

கட்டுநாயக்க தங்கச்சி

ஏலும் அண்ணா. நூல பிடுங்கிடாதீங்க, அந்தத் தையல் ஓட்டைய பார்த்துத்தான் அளவு எடுக்கணும். ரெண்டு அங்குல எலாஸ்டிக், தண்ணி ஒட்டாத நைலோன் துணி முக்கால் யார். கொண்டு வந்து தாங்க, நான் தைச்சுத் தாறேன்.